வான்கோழிக்குத் தனி அறை

"இது கோழிக்கூடா, லாட்ஜா?"

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்திருந்த படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார் வெல்டர். ஊருக்குப் புதியவர். பட்டறை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் நக்கல் மட்டும் பிறந்ததிலிருந்தே பழகியது போலிருந்தது.

படம் வரைந்த வீட்டுக்காரர் பரீட்சைத் தாளை நீட்டிய பையன் மாதிரி பக்கத்தில் நின்றார்.

"இது கோழிங்களுக்கு. இது வாத்துக்கு. மேல கினிக்கோழிக்கு. இந்த ஓரத்துல வான்கோழிக்குத் தனி ரூம், ஜன்னல் வெச்சு."

"ஜன்னலா? உக்காந்து பேப்பர் படிக்குமா?"

கொல்லைக் கதவில் சாய்ந்திருந்த மனைவி ரசித்துச் சிரித்தாள். "நல்லாக் கேளுங்க தம்பி. நான் கேட்டா அவருக்குக் காதே கேக்காது."

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டாள். கொல்லை முழுக்க எச்சம். துணி காயப்போட இடமில்லை. கினிக்கோழி போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி பேச்சையே நிறுத்திவிட்டாள். இன்று காலையில்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வெல்டர் பார்த்துவிட்டுக் கூடு கட்டலாம் என்றால் கட்டிக்கொள்ளட்டும். முடியாது என்றால் பொழுது சாய்வதற்குள் அத்தனையும் கொல்லையை விட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் தலையாட்டியிருந்தார். அதனால்தான் இப்போது வெல்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாயோ நல்லதாக எதையும் சொல்வதாயில்லை.

"வாத்து தண்ணியில புரண்டுட்டு வந்து தரையைச் சொதசொதன்னு ஆக்கிடும். அந்த ஈரத்துல கோழி எத்தனை நாள் தாங்கும்?"

"தரையைச் சரிவா வெச்சிட்டா?"

"மாடியில கினிக்கோழியைக் குடி வெச்சிருக்கீங்களே, கீழ இருக்கிறதுங்க எல்லாம் குடை பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

"நடுவுல ஒரு பலகை…"

"கதவு இவ்வளவு பெருசா எதுக்கு? சின்னதா ஒண்ணு போதும். கையை விட்டா டக்குனு ஒண்ணு சிக்கணும்."

"எதுக்குத் தம்பி?"

"எதுக்கா? கறிக்குத்தான்!"

வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி."

"சார் என்ன, வாத்தியாரா?"

"வாத்தியாரா இருந்தாத்தான் தேவலையே!" மனைவி முந்திக்கொண்டாள். "இவரு பார்க்கிற வேலைக்கு இதெல்லாம் அடுக்குமான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்படியே போனா எங்க வீட்டு அடுப்புல பூனைதான் தூங்கும்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அதற்குள் வான்கோழி ஆடி அசைந்து வந்து, வெல்டரின் அளவு டேப்பைக் கொத்தப் பார்த்தது. வீட்டுக்காரர் ஒரே கையால் இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அள்ளித் தூக்கினார். அவ்வளவு பெரிய பறவை அசையாமல் அடங்கிவிட்டது.

"பிடிக்கிறது மட்டும் நல்லா வருது சாருக்கு," என்றார் வெல்டர்.

வீட்டுக்காரர் ஏதோ தப்புச் செய்தவர் போல அவசரமாக அதைக் கீழே விட்டார்.

"ஆமா, இதையெல்லாம் எங்க வாங்கினீங்க? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே. சேவலுக்கு ஒத்தைக் கண்ணு. வாத்து நொண்டுது."

"வாங்கினதா?" மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "சாயங்காலம் இவரு வேலை முடிஞ்சு வரும்போது, பைக்குள்ளேருந்து ஒண்ணு தலையை நீட்டிக்கிட்டுக் கூடவே வரும். மொதல்ல சேவல் வந்துச்சு. அப்புறம் வாத்து. ஏன்னு கேட்டா, 'அது என்னைப் பார்த்துச்சு'ம்பாரு."

"பார்த்துச்சா?" வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கண்ணு இருந்தாப் பார்க்கத்தானே செய்யும்?"

"நிஜமாத்தான் தம்பி," என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. "நேரா என் முகத்தையே பார்த்துச்சு. அப்புறம் விட்டுட்டு வர மனசே வரல."

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லையை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார். படத்தை மடித்து வீட்டுக்காரரின் சட்டைப் பையிலேயே செருகினார்.

"முடியாது சார். இந்தத் துக்குணி இடத்துல இத்தனையையும் அடைச்சா ஒண்ணையொண்ணு கொத்தியே கொன்னுடும்."

"துவைக்கிற கல்லை எடுத்துட்டா…"

"அப்படியே என்னையும் எடுத்துடுங்க," என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் காலடியில் வந்து நின்ற வாத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த வெல்டருக்கே கொஞ்சம் ஒருமாதிரியாகப் போய்விட்டது.

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா சார்? பஸ் ஸ்டாண்ட் முக்குல ஒரு கறிக்கடை இருக்கு. வரும்போது பார்த்தேன், பூட்டியிருந்துச்சு. திறந்ததும் எல்லாத்தையும் மொத்தமா அங்க குடுத்துடுங்க. தொல்லை விட்டுது."

மனைவி வெல்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்க குடுத்தா சாயங்காலமே எல்லாம் திரும்ப இங்கதான் வந்து சேரும், தம்பி. அந்தக் கறிக்கடையை வெச்சிருக்கிறதே இவருதான்."