அழுகையை நிறுத்திய பெயர்

விடிந்ததிலிருந்து குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. எதற்கும் மசியவில்லை. இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு குரல் எங்கே இருக்கிறது என்று டோர்காஸுக்கு மலைப்பாக இருந்தது.

"இது பசி இல்லடி. பேர் கேக்குது," என்றாள் அவள் நாத்தனார் துரூபேனா. சொன்ன கையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, செத்துப்போன சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

எந்தப் பெயரில் அழுகை நிற்கிறதோ, அந்த ஆள் குழந்தையாகத் திரும்பி வந்துவிட்டதாகக் கணக்கு. ஏரி நடுவே இருக்கும் இந்தத் தீவில் எல்லாருக்கும் பெயர் வந்தது இப்படித்தான்.

டோர்காஸ் தீவு ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அழுகை நின்றால் போதும் என்றிருந்தது.

"அவினோ, வந்துட்டியா? அகேலோ, நீயா? அடெரோ?"

புருஷன் வீட்டுச் செத்தவர்கள் தீர்ந்தார்கள். பிறந்த வீட்டுச் செத்தவர்களும் தீர்ந்தார்கள். குழந்தை ஒருவரையும் சட்டை செய்யவில்லை.

துரூபேனாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இந்தப் பிடிவாதம் கிடையாது. எல்லாம் உங்க அக்கா பிடிவாதம். ஏய் அமோலோ, நீதானா உள்ள இருக்கிறவ?"

அழுகை நின்றது.

சட்டென்று நின்றது. குழந்தை கண்ணைத் திறந்து துரூபேனாவைப் பார்த்தது.

அமோலோ செத்தவள் இல்லை. இருட்டு பிரியுமுன்னே படகை ஏரியில் இறக்கிக்கொண்டு போயிருக்கிறவள். அந்தக் காலத்தில், படகில் பொம்பளை கால் பட்டால் மீன் ஓடிவிடும் என்று கரையே கூடி நின்று மறித்தபோது, "ஓடுற மீனைப் புடிக்கத்தான் நான் போறேன், படுத்துக் கெடக்குற மீனுக்கு நீங்க போதும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறியவள். இப்போது ஆண்கள் அவள் படகில் கூலிக்குத் துடுப்புப் போடுகிறார்கள். டோர்காஸை நர்ஸாக்கியதும் அந்தப் படகு கொண்டுவந்த மீன்தான்.

உயிரோடு இருப்பவர் பெயரை இந்த நேரத்தில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள்; அதில் அழுகை நின்றால் அந்த ஆள் செத்தாயிற்று என்று அர்த்தம். துரூபேனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "இல்ல, இல்ல, அவினோ! அவினோன்னுதான் சொன்னேன்!" என்று பதறினாள்.

குழந்தை கேட்டதாகத் தெரியவில்லை. நிம்மதியாகப் படுத்திருந்தது.

வெளியே காற்று தகரக்கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அது எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை. இவ்வளவு நேரமும் அழுகையில் வேறெதுவும் காதில் விழவில்லை.

டோர்காஸ் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. போர்த்தியிருந்த துணியோ காய்ந்துதான் கிடந்தது.

நம்பாதவள் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்கா இன்னும் கரை திரும்பவில்லை.

மூச்செடுக்காமல் பிறக்கும் குழந்தைகளை உள்ளங்காலில் சுண்டி அழவைப்பது அவள் தொழில். தன் குழந்தை ஒழுங்காகத்தான் மூச்சுவிட்டது. இருந்தும் சுண்டினாள். அழவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அழுடி. என் அக்காவை விட்டுடு. அழு."

இடது உள்ளங்காலின் நடுவில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, நறுக்கென்று கிள்ளினாள். பெற்றவள் செய்கிற காரியமா அது? ஆனாலும் விடவில்லை.

குழந்தையின் முகம் சுருங்கியது. வீறிட்டது.

நெடுநேரம் நீண்ட அந்த அழுகை ஓயுமுன்பே கரையிலிருந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் தோளில் கை போட்டு, சொட்டச் சொட்ட நனைந்து, "விடுங்கடா, எனக்கு நடக்கத் தெரியும்" என்று திட்டிக்கொண்டே அமோலோ நொண்டி நொண்டி உள்ளே வந்தாள். டோர்காஸ் ஓவென்று அழுதுவிட்டாள்.

"நீ எதுக்குடி அழுற? படகு கவுந்துடுச்சு, அவ்வளவுதான். வலை கால்ல சுத்தி அடியில இழுத்துட்டுப் போச்சு. மூச்சு போனப்புறம் பயமே இல்ல பாரு, நல்லா தூக்கம் வர்ற மாதிரி சொகமா இருந்துச்சு. அப்பப் பாத்து ஏதோ மீன் கால்ல கடிச்சிடுச்சு. வந்த கோவத்துல ஒரே ஒதை. வலை கழண்டுடுச்சு."

மருந்து போடச் சொல்லி இடது காலைத் தங்கையின் மடியில் தூக்கி வைத்தாள்.

உள்ளங்காலின் நடுவில், பிறைபோல, ஒரே ஒரு நகக்குறி.

டோர்காஸ் தன் கட்டைவிரலை மடக்கி உள்ளே மறைத்துக்கொண்டாள்.

"புள்ள ஏன் இப்படிக் கத்துது? பேர் வைக்கலையா? எங்க, என் பேரச் சொல்லிப் பாரு…"

துரூபேனா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

டோர்காஸ் குழந்தையை வாரியெடுத்து, அதன் சிவந்த உள்ளங்காலில் முத்தமிட்டாள்.

"வேணாம்க்கா," என்றாள். "அழட்டும்."