தோட்டத்துப் போர் விமானம்

ஓய்வுபெற்ற பொறியாளர் எத்திராஜ், துருப்பிடித்துக் கிடந்த பழைய போர் விமானம் ஒன்றை வாங்கி, இரண்டு வருஷம் பழுதுபார்த்து, வர்ணம் பூசித் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தினார். வர்ணம் காய்வதற்குள் விமானம் தன் போர் நினைவுகளைப் பேச ஆரம்பித்துவிட்டது.

அதன் இறக்கை நிழலில் ஒரு கோழி ஏழு குஞ்சுகளோடு குடியிருந்தது. "ஒரே நாள்ல ஒன்பது எதிரி விமானத்தை வீழ்த்தினேன்" என்று விமானம் சொல்ல, குஞ்சுகள் வாயைப் பிளந்து கேட்கும். கோழிக்கும் தைரியமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மதிலிலிருந்து ஒரு கடுவன் பூனை குதித்தது. குஞ்சுகளை நோக்கிப் பதுங்கிப் பதுங்கி வந்தது.

"அண்ணே, சுடுங்க!" என்று கோழி அலறியது.

"துப்பாக்கியை எப்பவோ கழற்றிட்டாங்க, அக்கா."

"சத்தம் போட்டாவது விரட்டுங்க!"

"இன்ஜினும் ஓடாது" என்றது விமானம். "உண்மையைச் சொல்லிடறேன். நான் போருக்கே போனதில்லை. கடைசிவரைக்கும் கொட்டகையிலேயே நிறுத்தி வச்சிருந்தாங்க."

கோழிக்குக் கோபப்பட நேரமில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து பூனையின் மூக்கிலேயே கொத்தியது. பூனை மதிலேறி ஓடிப்போனது.

மறுநாள் காலையில் ஓர் அணில் வந்தது. விமானம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நேத்து இங்கே நடந்த சண்டை தெரியுமா? மதில் பக்கமா எதிரி நுழைஞ்சான். நாங்க விடலை..."

"அம்மா, புளுகுது!" என்று ஒரு குஞ்சு கத்தியது.

"சும்மா இரு" என்றது கோழி. "பாவம், அது கண்ணால பார்த்த சண்டை இது ஒண்ணுதான்."