கடைசித் துடைப்புக்கு ஒரு சட்டை

மனைவி சுபத்ரா காலையில் கட்டிக் கொடுத்த துணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் நாகபூஷணத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. ஆனால் அவருடையதாகத் தெரியவில்லை.

தெனாலி ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருந்த அவருடைய ஷெட்டில், ஒரு பழைய கார், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் கழற்றப்பட்ட நிலையில் நின்றிருந்தது. இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் கருகிப் போய்விட்டது. சிலிண்டர் வாய்களில் துணி அடைத்து, அலுமினியத்தில் கீறல் விழாமல் மரச் சீவலால் பழசைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்தும் ஆகிவிட்டது. இனி நூல் பிரியாத துணியால் கடைசியாக ஒரு துடைப்பு. அப்புறம் புது கேஸ்கெட்.

போன மாதம் இந்தக் கடைசித் துடைப்பில்தான் பனியன் கழிவுத் துணி நூல் நூலாக ஒட்டிக்கொண்டு, வண்டி தண்ணீர் ஒழுகித் திரும்பி வந்தது. அதைச் சொல்லி அவர் வீட்டில் புலம்பியதும், சுபத்ரா டிரங்குப் பெட்டியின் அடிவரை குடைந்து இதை எடுத்திருந்தாள். "மெத்துனு இருக்கும். வேற பருத்தித் துணி வீட்டுல இல்லை" என்று கொடுக்கும்போது ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அவருக்குக் குத்தியது.

வெள்ளைச் சட்டை. ஒரு பொத்தான்கூடப் போகவில்லை. மடிப்பெல்லாம் அந்துருண்டை வாசனை. கந்தல் துணியை யாராவது இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பார்களா? காலரிலும் தோளிலும் மட்டும் மஞ்சள் கறை. மஞ்சள் பூசிய பெண் கை பட்ட மாதிரி.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கும் இரும்பு ஸ்கேலை எடுத்துச் சட்டையின் மார்புக்குக் குறுக்கே வைத்தார். பிறகு தன் மார்புக்குக் குறுக்கே வைத்தார். ஒரு ஜாண் பற்றவில்லை. அளவு பொய் சொல்லாது என்று இத்தனை வருஷம் நம்பித் தொழில் செய்கிறவர் அவர்.

அப்படியானால், எவனோ ஒல்லியானவன்.

பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. எலெக்ட்ரீஷியன் மல்லேஷ். குச்சி உடம்பு, கசங்காத சட்டை. ஃபேன் சுற்றவில்லை, மிக்சி ஓடவில்லை என்றால் சுபத்ரா கூப்பிடுவது அவனைத்தான். அவளை அக்கா என்பான், அக்கா புருஷன் என்ற முறையில் இவரை பாவா என்பான். அக்காவாம், அக்கா!

"டேய் மல்லேசு, இங்க வா!"

"என்ன பாவா, வண்டிக்கு பேட்டரி டவுனா, உங்களுக்கா?"

"போன வாரம் எங்க வீட்டுல மிக்சி பாக்கப் போனியே, என்ன சாப்பிட்டே?"

"கோங்கூரா பச்சடி! அக்கா ரெண்டாவது தடவையும் சோறு போட்டுச்சு. நீங்க குடுத்து வெச்சவரு பாவா."

நாகபூஷணத்துக்குக் காது சுட்டது. இவர் இரண்டாவது தடவை தட்டை நீட்டினால், "வயிறு எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க, போதும்" என்று சட்டியை மூடுகிறவள் அவள்.

"சரி, இந்தச் சட்டையப் போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடு."

"தொடைக்கிற துணியா எனக்கு? நல்ல மரியாதை பாவா!" என்று சிரித்துக்கொண்டே மாட்டினான் மல்லேஷ்.

தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. அவனை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

"இது எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள எப்படிடா வந்துச்சு?"

மல்லேஷின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. "பாவா, தின்னர் வாசனை தலைக்கு ஏறிடுச்சா? அவங்க எனக்கு அக்கா!"

"அக்கா பெட்டிக்குள்ள தம்பி சட்டைக்கு என்னடா வேலை? கழட்டாதே! அவ சாப்பாடு கொண்டு வர்ற நேரந்தான். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இல்லேன்னா இந்த ஷெட்டுலயே படுத்துப்பேனே தவிர, அந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்."

"அக்கா முன்னாடி இதெல்லாம் கேக்காதீங்க பாவா, அசிங்கமா போயிடும்."

"அசிங்கம் யாருக்குன்னு பாக்கலாம்."

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கேரியர் சத்தம் கேட்டது. நாகபூஷணம் மல்லேஷின் தோளைப் பிடித்து, வெளிச்சம் படும்படி அவள் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

"நல்லா பாத்துச் சொல்லு. இது யாரு சட்டை?"

சுபத்ரா அந்தக் காலரைப் பார்த்தாள். தோளில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். கேரியரை மெல்லக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியது.

மாட்டிக்கொண்டாள், தீர்ந்தது என்று நினைத்தார் நாகபூஷணம்.

அவள் தலைப்பை எடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"ஏங்க, நம்ம கல்யாணத்தன்னிக்கு இந்தச் சட்டையில நீங்க அச்சு அசல் இப்படியேதாங்க இருந்தீங்க!"