மூன்று விநாடி மிச்சம்

“வெர்னன், உட்காரு. நீ நடந்தா பந்து திசை மாறிடுமா?” என்றாள் அவன் மனைவி லொரெய்ன்.

வெர்னனால் உட்கார முடியவில்லை. டிவியில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் முடிய மூன்று விநாடி. உதைப்பவனான கெஸ்லர் பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் அவன் அணி ஜெயிக்கும். இந்த மாதம் கெஸ்லர் இரண்டு முறை தவறவிட்டிருந்தான்.

“இதுவும் போச்சுன்னா அவன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“பேசாம இரு. ஜெபம் பண்ணிட்டிருக்கேன்ல?”

கெஸ்லர் உதைக்கப்போகும் நேரம் பார்த்து எதிரணிப் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். உதைப்பவனைத் தவிக்கவிடும் பழைய தந்திரம். வெர்னனின் வலது கால் தானாகத் துடித்தது.

ஆட்டம் தொடர்ந்தது. பந்து பறந்து, கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” என்று துள்ளி எழுந்தாள் லொரெய்ன். “உன் ஷூ எங்கே?”

வெர்னனும் உதைப்பவன்தான்; ஒரு வருடமாக அவன் காலுக்கு வேலை இல்லை.

சிறிது நேரத்தில் கெஸ்லரின் அணியிலிருந்தே போன் வந்தது. “செவ்வாய்க்கிழமை வந்து நாலு பந்து உதைச்சுக் காட்டறியா?”

“வர்றேன் சார்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள் லொரெய்ன்.

“போன வருஷம் நான் தவறவிட்டதாலதானே என்னை அனுப்பிட்டு கெஸ்லரை எடுத்தாங்க? அன்னிக்கு அவன் வீட்டுலயும் இப்படித்தான் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாங்க.”