இரண்டு கோடை ஓடிய சைக்கிள்

பழைய மலையிறக்கச் சைக்கிளின் விலையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் ஆல்ப்ஸ் மலை முழுவதிலும் ஒருவன்தான், அவன் லோயிக். இதை அவனே சொல்வதால் மறுக்க வழியில்லை. மோர்சீன் என்ற மலையூரில் இந்தக் கோடையின் கடைசி ரோப்கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிகள் காலியாக ஏறி, காலியாக இறங்குகின்றன. நாளை ஊரே காலி. நிலையத்து வேலியில் விற்பனைக்குச் சாய்ந்திருக்கும் சைக்கிள்களின் விலை அட்டைகள் காற்றில் படபடக்கின்றன. "ஒரு கோடை ஓடினா பாதி விலை, ரெண்டு ஓடினா மூணுல ஒண்ணு. அதுக்கு மேல கேக்குறவன் விக்க வரலடா, அழ வந்திருக்கான்" என்று எனக்கு வகுப்பெடுக்கிறான் லோயிக். அவன் பிடித்திருப்பது எங்களோடு மலையிறங்கிய அனூக்கின் சைக்கிள். லியோன் நகரில் வேலை கிடைத்து, போன மாதமே போய்விட்டாள். 'வித்துடு, இனிமே வர மாட்டேன்' என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். இரண்டு கோடை ஓடியது. அட்டையில் அவன் கணக்குப்படியே 1200 யூரோ. தாடிக்காரர் ஒருவர் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறார். "பிடி ரொம்பக் கிட்ட இருக்கே, தம்பி."

"அவளுக்கு விரல் சின்னது" என்கிறான் லோயிக்.

"ஒரு திருகு திருகினா தள்ளிப் போயிடும். விலை நியாயம்தான், எடுத்துக்கிறேன்" என்று பணமெடுக்கக் காருக்குப் போகிறார் அவர். மலையின் நிழல் வேலியைத் தொடுகிறது. லோயிக் என் பேனாவை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையில் 1200-இன் ஒன்றை இரண்டாக்குகிறான்.