ஊர் நடக்கும் படம்

மாநிலங்களைப் பிரித்தபோது எல்லையோரப் பாறசாலை கேரளத்தோடு நின்றதைக் கொண்டாட, 1956 நவம்பரில் இந்தியச் சித்திரப்படத் தொழில் சங்கம் கூட்டம் போட்டது. தேங்காய் வியாபாரி தாணுப்பிள்ளை அதன் செயலாளர். படம் வரையத் தெரிந்த உறுப்பினர் ஈசாக் ஒருவர்தான்.

"நம்ம நாட்டுச் சித்திரப்படத்தை வளக்கதுதான் சங்கத்துக்கு உயிர்!" என்று முழங்கிவிட்டுப் படத்தை ஓட்டச் சொன்னார் தாணுப்பிள்ளை.

திரையில், தமிழ்நாட்டுப் பக்கம் நின்ற வீடுகளுக்குக் கால் முளைத்தது. எல்லைக்கல்லைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்து உட்கார்ந்தன. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு ஒரு சந்தேகம்.

"தேங்காய் ஏன் தரையிலிருந்து மரத்துக்குப் போகுது?"

"கேரளத்துக்கு வந்தா எல்லாம் மேலதான் போகும்னு அர்த்தமாக்கும் சார்" என்றார் தாணுப்பிள்ளை.

"பிரமாதம்! டெல்லிக்கு அனுப்புங்க. நம்ம தொழிலை உலகம் பாக்கட்டும்."

அவருடைய கார் கிளம்பியதும் ஈசாக் மெல்ல வந்தார்.

"மொதலாளி, வீடெல்லாம் முதுகு காட்டிப் பின்னாலயே நடந்துது. ஒருத்தரும் கவனிக்கல்ல, பாத்தியளா?"

"நல்லதாப் போச்சு. எலே, நாளைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில கூட்டம் உண்டு. அவிய தமிழ்நாட்டோட சேர்ந்ததைக் கொண்டாடுதாவ. நம்ம சங்கந்தான் படம் போடுது."

"அதுக்குப் புதுப்படம் வரையாண்டாமா?"

"எதுக்கு? தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டத்துக்கு நீ வரைஞ்ச படந்தானே இது! இங்க கடைசியிலயிருந்து திருப்பி ஓட்டினோம், அங்க நேரா ஓட்டு. தேங்காய் கீழ விழுறதுக்கு வேற அர்த்தம் நான் சொல்லிக்கிடுதேன்."