பதின்மூன்றாவது பயணி

நெடுந்தீவில் மின்சாரம் இல்லை. ஜசிந்தாவின் மாமியார் பிலோமினம்மா கவிழ்த்துவைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றினால் டைனமோ வெளிச்சம் தரும். ஜசிந்தா படம் காட்டும் கருவியின் கைப்பிடியைச் சுற்றினால் அறுபது வருஷப் பழைய ஊமைப்படம் சுவரில் ஓடும். தொப்பிக்காரன் வழுக்கி விழும்போதெல்லாம் இருவரும் சிரிப்பார்கள்.

இன்று மாமி சிரிக்கவில்லை.

“உன்ர மனுசன் கடலுக்குப் போய் நாளைக்கு முப்பத்தோராம் நாள். அவன் இனி வரானெண்டு சனம் கதைக்குது. ஆத்துமப் பூசை குடுப்பம், பிள்ளை.”

“குடுக்கேலாது, மாமி. சனம் கதைச்சிட்டுப் போகட்டும்.”

படத்தில் கப்பலிலிருந்து பன்னிரண்டு பேர்தான் இறங்குவார்கள். போன கிழமை தொடங்கி, பதின்மூன்றாவதாகச் சாரம் கட்டிய ஒருவன் நாளுக்கொரு படியாக இறங்கி வருகிறான். இன்று அவன் முகம் தெரிந்தது.

“என்ர மோன்!” மாமியின் கை நின்றது. சுவர் இருண்டது.

“இன்னும் நாலு படிதான் கிடக்கு,” என்றாள் ஜசிந்தா. “சுத்துங்கோ, மாமி.”